மலை நகர்ந்த கணக்கு

மலை நகரவில்லை. நகர்ந்துவிட்டது என்று கோமதிநாயகம் சொன்னார். ஊர் நகர்ந்துவிட்டது.

நடந்த தவறு அவ்வளவுதான். மற்றதைச் சொல்கிறேன்.

கோமதிநாயகம் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். தலை முழுக்க நரை. அவருடைய குரு சூடாமணிக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். மலையடிவாரத்தில், பூமி அதிர்வதைக் கவனிக்கிற ஒரு சின்ன நிலையம் அவளுடையது.

சீடராகச் சேர வந்தபோது குரு கேட்டாள்:

"என்ன தெரியும்?"

"கணக்கு தெரியும்மா."

"அது போகக் கொஞ்ச நாளாகும். பரவாயில்ல, இருங்க."

இருந்தார்.

மேலே மலைச்சரிவில் புளியஞ்சரிவு என்று ஓர் ஊர். ஊருக்கு நடுவில் ஒரு குழி. குழிக்குள் ஒரு பெட்டி. பெட்டிக்குள் சுருள்கம்பியில் ஓர் எடை தொங்கும். நிலம் ஆடினால் பெட்டியும் கூடவே ஆடும். எடை சோம்பேறி, உடனே ஆடாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மின்சாரமாகும். மின்சாரம் எண்ணாகும். எண் கீழே நிலையத்துக்கு வந்து சேரும்.

எண் வேறு, நிலம் வேறு. எண்ணை நிலத்தின் அசைவாக மாற்ற வேண்டும். அதுதான் சீடரின் வேலை.

"பெட்டிக்கு வேகமான ஆட்டம் முழுசாக் கேக்கும்," என்று குரு முதல் நாளே சொல்லியிருந்தாள். "மெதுவான ஆட்டம் பாதிதான் கேக்கும். இன்னும் மெதுவானது கால்வாசி. பாதி கேட்டதை ரெண்டால பெருக்குங்க. கால் கேட்டதை நாலால பெருக்குங்க. நிலம் எப்படி ஆடுச்சுன்னு வந்துரும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

இவ்வளவு சுலபமா என்று வாத்தியார் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். அங்கேதான் பிடித்தது சனி.

ஒரு வாரம் விடாத மழை. குரு தங்கை மகளின் காதுகுத்துக்குப் போயிருந்தாள். வாத்தியார் தனியாக உட்கார்ந்து மொத்த எண்களையும் மாற்றினார். வேகமான ஆட்டம், மெதுவான ஆட்டம், அதைவிட மெதுவானது, அதற்கும் கீழே. ஒன்றையும் விடவில்லை. விடுகிற ஆளா அவர்?

கடைசியில் விடை வந்தது. சரிவு இரண்டு முழம் கீழே இறங்கியிருக்கிறது.

திரும்பக் கணக்கிட்டார். இரண்டு முழம். இன்னொரு தடவை. இரண்டு முழம்.

போனை எடுத்துத் தாலுகா ஆபீசைக் கூப்பிட்டார்.

மறுநாள் புளியஞ்சரிவு காலியாகிவிட்டது. ஆடு, மாடு, கட்டில், கிரைண்டர், கோவில் உற்சவமூர்த்தி எல்லாம் கீழே கல்யாண மண்டபத்துக்கு வந்து சேர்ந்தன. கோழிகள் மட்டும் வரவில்லை. பிடிபடவில்லை.

மூன்று நாள் கழித்துக் குரு திரும்பி வந்தாள். செருப்பைக் கழற்றுவதற்குள் வாத்தியார் ஆரம்பித்தார்.

"ஒரு ஊரையே காப்பாத்தியிருக்கேம்மா. ஒரு ஆள் நன்றி சொல்லல. மண்டபத்துப் பக்கம் போனா, 'வாரான் பாரு மலையைத் தள்ளினவன்'னு சொல்லுதாங்க."

"பார்த்தேன். மணமேடையில ஆடு நிக்கு."

"சாயங்காலம் தாசில்தார் வாராராம். மலைக்கு நேரா போயி நோட்டீஸ் ஒட்டப் போறாராம். ஒட்டியாச்சுன்னா யாரும் திரும்பி அங்க குடியிருக்க முடியாது. அந்தப் பக்கம் பொட்டல்காட்டுல ஆளுக்கு ரெண்டு சென்ட் குடுப்பாங்களாம்."

"பொட்டல்ல என்ன விளையும்?"

"ஒன்னும் விளையாது. ஆனா உயிர் இருக்குமில்ல?"

குரு முகம் கழுவினாள். துண்டால் துடைத்துக்கொண்டே கேட்டாள்:

"ரெண்டு முழம் இறங்கினா வீடெல்லாம் ஏன் நிக்கு?"

"மெதுவா இறங்கியிருக்கு."

"எவ்வளவு மெதுவா?"

"ஒரு ஆட்டத்துக்கு அரை மணி நேரம்."

"அவ்வளவு மெதுவான ஆட்டம் பெட்டிக்கு எவ்வளவு கேக்கும்?"

"லட்சத்துல ஒரு பங்கு."

"அதனால?"

"லட்சத்தால பெருக்கினேன்."

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னார்.

குரு துண்டைக் கொடியில் போட்டாள். தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டாள். அது காது கிழிய இரைந்தது. பிறகு வாசல் கேட்டைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, எதிரே மைல்கல் பக்கத்தில் போய் நின்றாள். அங்கிருந்து வாயை அசைத்தாள். திரும்பி வந்தாள். மோட்டாரை நிறுத்தினாள்.

"நான் என்ன சொன்னேன்?"

"கேக்கல."

"சுத்தமாவா?"

"மோட்டார் சத்தம்தான் கேட்டுது."

"லட்சத்தால பெருக்கிப் பாருங்க."

வாத்தியாருக்குக் கோபம் வந்துவிட்டது. "முப்பது வருஷம் பிள்ளைங்களுக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தவன் நான். பெருக்கலில என்ன தப்பு? அதைச் சொல்லுங்க."

"பெருக்கலில தப்பே இல்ல," என்றாள் குரு. "மூலையில சும்மா கிடக்கிற அந்த ரெண்டாவது பெட்டியை எடுங்க. மேல போவோம்."

ஸ்கூட்டரை அவள் ஓட்டினாள். பின்னால் வாத்தியார். மடியில் பெட்டி. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். முருகனைக் கூப்பிட்டாரா, பெட்டியைக் கூப்பிட்டாரா என்று தெரியவில்லை.

ஊர் வெறிச்சென்று கிடந்தது. மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. கோழிகள் பஞ்சாயத்து ஆபீசுக்குள் இருந்தன.

குரு குழி மூடியைத் திறந்தாள். பழைய பெட்டியை ஒட்டினாற்போல் புதுப்பெட்டியை வைத்தாள். நடுவில் விரல் நுழையாது.

"இப்ப ரெண்டுக்கும் ஒரே நிலம்தானே?"

"ஒரே நிலம்தான்."

"சரி. குதிங்க."

"நானா?"

"ஊர்ல வேற யாரு இருக்கா? கோழி குதிச்சா பத்தாது."

வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டினார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். குதித்தார்.

"இன்னொரு தடவை. பயப்படாம."

குதித்தார்.

"போதும். இனி உக்காருங்க. அசையாதீங்க."

உட்கார்ந்தார்கள். குரு ஒரு கொய்யாவைப் பறித்துத் தின்றாள். அவருக்குப் பாதி கொடுத்தாள். வெயில் சாயத் தொடங்கியதும் லேப்டாப்பை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"முதல்ல குதிச்சதை மாத்துங்க. ரெண்டு பெட்டிக்கும்."

மாற்றினார். முதல் பெட்டி, நிலம் ஒரு தலைமுடி கனத்தில் பத்தில் ஒரு பங்கு அசைந்ததாகச் சொன்னது. இரண்டாவது பெட்டியும் அதையேதான் சொன்னது. கோட்டின் மேல் கோடு பொருந்தியது.

வாத்தியார் பூரித்துப்போனார். "பாத்தீங்களா! நான் பெருக்கினா பெருக்கினதுதான்."

"ரொம்ப அழகு. இனி மெதுவானதை மாத்துங்க. அரை மணி நேர ஆட்டம். லட்சத்தால பெருக்குங்க. விடாதீங்க."

பெருக்கினார். முதல் பெட்டியின் விடை வந்தது. மலை ஒரு முழம் கீழே இறங்கியிருக்கிறது.

இரண்டாவது பெட்டியின் விடை வந்தது. மலை ஒன்றரை முழம் மேலே ஏறியிருக்கிறது.

வாத்தியார் திரையை உற்றுப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

"மலை எந்தப் பக்கம் போச்சு, வாத்தியாரே?"

அவர் குழிக்குள் எட்டிப் பார்த்தார். இரண்டு பெட்டிகளும் ஒரே பாயில் படுத்த அண்ணன் தம்பி மாதிரி ஒட்டிக்கொண்டு கிடந்தன. நிமிர்ந்து மலையைப் பார்த்தார். அது இருந்த இடத்தில் இருந்தது.

மறுபடி திரையைப் பார்த்தார்.

பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை. கோழி ஒன்று பயந்து ஓடியது.

"முணுமுணுப்பு!" என்றார்.

"யாரோட முணுமுணுப்பு?"

"பெட்டியோடது. வெயில் பட்டா அது ஒன்னு முணுமுணுக்கும், சுருள்கம்பி ஒன்னு முணுமுணுக்கும். மலை அவ்வளவு மெதுவாப் பேசினா இதுக்குக் கேக்கவே கேக்காது. இது தனக்குத்தானே முணங்கினதை லட்சம் மடங்கு பெருக்கி மலை பேர்ல எழுதிட்டேன். ஐயய்யோ, ஒரு ஊரையே கிளப்பிவிட்டேனே!"

கண்ணைத் துடைத்துக்கொண்டார். திடீரென்று கேட்டார்:

"அம்மா, அந்த மைல்கல்லுகிட்ட நின்னு என்ன சொன்னீங்க?"

"ஒன்னும் சொல்லல. சும்மா வாயை மென்னேன்."

வாத்தியார் துள்ளி எழுந்தார். வேட்டியை இறக்கிவிட்டார்.

"வாங்க, கீழ போவோம். மலை நகரலைன்னு சொல்லிருவோம். தாசில்தார் வாரதுக்குள்ள எல்லாரையும் கூட்டிட்டு வந்துருவோம்."

குரு எழுந்திருக்கவில்லை.

"மலை நகரலைன்னு பெட்டி சொல்லுச்சா?"

வாத்தியார் நின்றார்.

"இல்ல."

"வேற யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல."

"அப்ப நகர்ந்துச்சா, நகரலையா?"

அவ்வளவு பெரிய கணக்கு வாத்தியார் வாயிலிருந்து கடைசியில் ஒரே ஒரு சொல்தான் வந்தது.

"தெரியாது."

"ஆங். இது நல்ல விடை."

"நல்ல விடைதான். தாசில்தாருக்கு இது ஆகாதே. தெரியாதுன்னா அவரு ஒட்டிட்டுப் போயிருவாரு. ஜனங்க பொட்டல்ல கிடந்து காயும். அதோட, நெசமாவே நகர்ந்திருந்தா? திரும்பக் கூட்டிட்டு வந்து அவங்களை மண்ணுக்குள்ள விடச் சொல்லுதீங்களா?"

குரு கொய்யா மரத்தடியில் துண்டை விரித்தாள்.

"பெட்டிக்கு அந்தக் காது இல்ல. யாருக்கு இருக்குன்னு போய்ப் பாருங்க."

படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அப்படிப்பட்ட குரு.

வாத்தியார் ஊரைச் சுற்றினார். சுவர்களில் விரிசல் இருந்தது. எப்போது விழுந்த விரிசல்? சுவர் சொல்லாது. தண்ணீர்த் தொட்டி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கட்டும்போதே சாய்வாகக் கட்டினார்களோ என்னவோ, கட்டியவனைக் கேட்டாலும் ஒத்துக்கொள்ள மாட்டான். தெருவில் வெயில் இறங்கிக்கொண்டே வந்தது. தாசில்தாரின் ஜீப் எந்த நேரமும் வரலாம்.

அப்போது மேலத்தெருவில் இருந்து சத்தம் கேட்டது. ஆளில்லாத ஊரில் சண்டைச் சத்தம்.

வாத்தியார் ஓடினார்.

ஒரு பெரிய பாறை. பாறைக்குக் கீழே இரண்டு தோட்டம். இரண்டுக்கும் நடுவே ஓர் இரும்புக் கம்பி விறைப்பாக இழுத்துக் கட்டியிருந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு நடுத்தர வயதுப் பெண், இடுப்பில் கை வைத்து நின்றாள். இந்தப் பக்கம் வெற்றிலை மென்றுகொண்டு ஒரு ஆள். பெயர் ஆவுடையப்பன்.

"ஊரே கீழ கிடக்கு, நீங்க ரெண்டு பேரும் இங்க என்ன செய்யுதீங்க?" என்றார் வாத்தியார்.

"ஊரு கீழ கிடக்குன்னுதான் வாரேன்," என்றாள் அந்தப் பெண். "ஆளில்லாத நேரமாப் பாத்து எல்லைக்கல்லைத் தள்ளி நட்டுட்டா? தினம் காலையில வந்து பாத்துட்டுப் போறேன். இன்னைக்குச் சந்தேகம், ரெண்டாவது தடவையா வந்தேன். வந்தா, இந்தா நிக்காரு கொழுந்தனாரு."

"அது வருதேன்னுதான் நானும் வாரேன்," என்றார் ஆவுடையப்பன், அவளைப் பார்க்காமல். "அதை நம்பி எல்லையை விட்டுட்டுப் போகச் சொல்லுதீயளா?"

"அதுவாம் அது! ஆடா மாடா நான்?"

"சார், நான் அதுகிட்ட பேசல. உங்ககிட்டதான் பேசுதேன்."

இரண்டு பேரும் ஒரே வீட்டு ஆட்கள். அவள் அவருடைய அண்ணன் மனைவி. தோட்டம் பிரித்த நாளில் முறிந்த பேச்சு. அவள் பெயர் அவர் வாயில் வந்து வருஷக்கணக்காகிறது.

வாத்தியார் சண்டையைக் கேட்கவில்லை. கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதோட இந்த முனை எங்க இருக்கு?"

"பாறையில," என்றாள் அவள். "வளையம் அடிச்சு மாட்டியிருக்கு. மலை வேர்ப்பாறை அது."

"அந்த முனை?"

"கீழ எல்லைக்கல்லுல. மண்ணுல புதைச்ச கல்லு."

வாத்தியார் எல்லைக்கல் வரை இறங்கிப் போனார். அங்கிருந்து குழி கூப்பிடு தூரம்தான். அதே சரிவு. அதே மண். சரிவு இறங்கினால் கல்லும் இறங்க வேண்டும். பாறை இறங்காது. இரண்டுக்கும் நடுவில் கம்பி.

விரலால் கம்பியைச் சுண்டினார். டிங் என்றது.

அவருக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. மேலே ஏறி வந்தார். காலையில் இருந்த வாத்தியாராக இருந்தால் அப்போதே கீழே ஓடியிருப்பார். இப்போது வேறு கேள்வி கேட்டார்.

"கல்லு எவ்வளவு நகர்ந்தா இந்தக் கம்பிக்குத் தெரியும்? ஒரு விரக்கடை, ஒரு விரல் அகலம்?"

"விரக்கடையா?" ஆவுடையப்பன் வெற்றிலையைத் துப்பிவிட்டு அவள் பக்கம் தலையை ஆட்டினார். "நெல்லு கனம் நகர்ந்தாலும் அது நாலு ஊருக்குக் கேக்க கத்தும்."

"மழை தொடங்கினதுல இருந்து கத்துச்சா?"

"இன்னைக்கு வரைக்கும் இல்ல. இப்ப கத்தினது நான் வந்ததுக்கு."

"கம்பி தளர்ந்து போயி யாராவது இழுத்துக் கட்டியிருந்தா?"

"முடிச்சைப் பாருங்க," என்றாள் அவள்.

பார்த்தார். இரண்டு முனையிலும் முடிச்சின் மேல் சிவப்பு பெயிண்ட் அப்பியிருந்தது. அதற்கு மேலே நீல பெயிண்ட்.

"சிவப்பு நான் அடிச்சது. அவிழ்த்துக் கட்டினா தெரிஞ்சுருமில்ல?"

"அது அடிச்சதை அதுவே திரும்ப அடிச்சுட்டா?" என்றார் ஆவுடையப்பன். "அதான் மேல நான் நீலம் அடிச்சேன்."

"எப்ப?"

"சித்திரையில."

பெயிண்டில் ஒரு கீறல் இல்லை. வாத்தியார் நகத்தால் தடவிப் பார்த்தார். இரண்டு முனையிலும் பார்த்தார். பிறகுதான் உட்கார்ந்தார். இவ்வளவு திருப்தியாக அவர் உட்கார்ந்து ரொம்ப நாளாகிறது.

ஜீப் வந்தது.

தாசில்தார் இறங்கினார். கையில் சுருட்டிய நோட்டீஸ். பின்னால் டிரைவர், கையில் பசை வாளி. சத்தம் கேட்டுக் குருவும் மெல்ல நடந்து வந்து சேர்ந்தாள். தூங்கி எழுந்த முகம்.

"கோமதிநாயகம் யாரு? நீங்கதானா? மலை ரெண்டு முழம் இறங்கிட்டுதுன்னு சொன்னது?"

"நான்தான் சார். தப்பாச் சொல்லிட்டேன்."

"என்னது?"

"இறங்கல சார்."

தாசில்தாருக்கு முகம் சிவந்தது. "அன்னைக்கு இறங்கிச்சு, இன்னைக்கு ஏறிடுச்சா? உங்க மெஷின் என்ன விளையாடுதா?"

"மெஷின் மேல தப்பில்ல. அவ்வளவு மெதுவான சங்கதி அதுக்குக் கேக்காது. கேக்காததைக் கேட்டதா நான் எழுதிட்டேன்."

"அப்ப இறங்கலைன்னு யாருக்குக் கேட்டுது?"

வாத்தியார் கம்பியைக் காட்டினார். பாறையைக் காட்டினார். கல்லைக் காட்டினார். முடிச்சைக் காட்டினார். தாசில்தார் குனிந்து பார்த்தார். சிவப்பைப் பார்த்தார், நீலத்தைப் பார்த்தார். கம்பியைச் சுண்டினார். டிரைவரும் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஒரு தடவை சுண்டிப் பார்த்தான்.

தாசில்தார் லேசான ஆள் இல்லை.

"இதெல்லாம் சரி. ஊருக்குத் திரும்பணும்னு ஆசையில இவங்க ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு, புதுசாக் கட்டிப் பெயிண்ட் அடிச்சிருந்தா?"

"பேசி வச்சுக்கிட்டா?"

இரண்டு குரலும் ஒன்றாக வெடித்தன.

"இந்த மனுசன்கிட்டயா?"

"அதுகிட்டயா? நானா?"

"நாக்கை அறுத்துப் போட்டாலும் பேச மாட்டேன் இவருகிட்ட!"

"சார், சொல்லுதது சொன்னீங்க, இப்படி ஒரு பேச்சு மட்டும் சொல்லாதீங்க சார்!"

தாசில்தார் இரண்டடி பின்னால் போனார். பசை வாளியில் கால் பட்டது.

குரு பாறைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

வாத்தியார் மெதுவாகச் சொன்னார்: "ரெண்டு பேரும் ஒரே கம்பியைத்தான் பாத்திருக்காங்க சார். ரெண்டு பேரும் சொல்லுதது ஒன்னா இருக்கு."

தாசில்தார் அவளைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். கம்பியை இன்னொரு தடவை பார்த்தார். நோட்டீஸை அக்குளில் வைத்துக்கொண்டார்.

"மண்டபத்துக்குப் போன் போடு," என்றார் டிரைவரிடம். "எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொல்லு."

போன் போன கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து வேட்டுச் சத்தம் கேட்டது. யார் கல்யாணத்துக்கு வாங்கி வைத்திருந்த வேட்டோ.

தாசில்தார் பேனாவை எடுத்தார்.

"மேல கேப்பாங்க. மலை அசையலைங்கிறதுக்கு யாரு பொறுப்புன்னு ஒரு பேரு எழுதணும். மழை நாள் பூரா தவறாமப் பாத்தது யாரு?"

வாத்தியார் தன் பெயரைச் சொல்லவில்லை. குருவின் பெயரையும் சொல்லவில்லை. ஆவுடையப்பனைப் பார்த்தார்.

ஆவுடையப்பன் வானத்தைப் பார்த்தார். கம்பியைப் பார்த்தார்.

"நானும் பாத்தேன். ஆனா ஒரு நாள் காய்ச்சல்ல கிடந்துட்டேன்," என்றார். "தவறாமப் பாத்தது அது."

"அதுன்னா எழுத முடியாதுய்யா. பேரு சொல்லு."

அந்தப் பெண் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தது.

ஆவுடையப்பன் தொண்டையைச் செருமினார். இன்னொரு தடவை செருமினார்.

"எழுதுங்க சார்," என்றார். "எங்க மதினி. முப்பிடாதி."